ஆப்பிரிக்காவின் இண்டாபா: ஸ்டார்ட்அப் நிறுவனருக்குக் கிடைப்பது என்ன?

ஆப்பிரிக்காவில் செயற்கை நுண்ணறிவை நம்பித் தொழில் தொடங்குவோருக்கு முக்கியமான கூடுகை, 'டீப் லேர்னிங் இண்டாபா' மாநாடு. 2017 செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க் நகரின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் சுமார் 300 பேருடன் இது தொடங்கியது. அடுத்த ஆண்டு ஸ்டெல்லன்போஷிலும் 2019இல் நைரோபியிலும் நடந்தது. பெருந்தொற்றுக் கால இடைவெளிக்குப் பிறகு துனிஸ், அக்ரா, டக்கார், கிகாலி என நாடு மாறி மாறிக் கூடிவருகிறது.

இது தொடங்கப்பட்டதற்கு ஒரு குறை காரணம். செயற்கை நுண்ணறிவு ஆய்வுலகின் மிகப் பெரிய மாநாடுகளில் ஒன்றான நியூரிப்ஸில், 2016ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட கட்டுரைகளில் ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்றிலிருந்து எழுதியவர் ஒருவர்கூட இல்லை. ஷகீர் முகமது, உல்ரிக் பாக்கெட், வுகோசி மரிவாட்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள் சேர்ந்து, கண்டத்துக்குள்ளேயே ஒரு மேடையை அமைத்தார்கள்.

விசா இன்னொரு தடை. 2018இல் மான்ட்ரியாலில் நியூரிப்ஸ் நடந்தபோது, கட்டுரை ஏற்கப்பட்டும் கனடா விசா மறுக்கப்பட்ட ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் பலர். 'ஐசிஎல்ஆர்' என்ற மற்றொரு பெரிய மாநாட்டை 2020இல் அடிஸ் அபாபாவில் நடத்த முடிவானதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். கொரோனாவால் அது இணையவழிக்கு மாறியது. 2023 மே மாதம் கிகாலியில் அது நேரில் நடந்தபோதுதான், இத்துறையின் முதன்மை மாநாடு ஒன்று முதன்முறையாக ஆப்பிரிக்க மண்ணுக்கு வந்தது.

புத்தொழில் நிறுவனர் ஒருவர் இத்தகைய இடத்துக்கு எதற்காகப் போக வேண்டும்? முதலீட்டாளரைச் சந்திக்க என்பதே பலரும் சொல்லும் பதில். அதுவும் உண்டுதான். ஆனால் வட்டார மாநாடு தரும் பெரிய ஆதாயம் ஆட்களும் தரவும். காலையில் விரிவுரை, பிறகு கணினியில் நிரல் எழுதிப் பழகும் செய்முறை வகுப்பு, போஸ்டர் அமர்வு என்று நாள் ஓடுகிறது. இவற்றில் நிறுவனருக்கு அதிகம் பயன்படுவது போஸ்டர் அமர்வு. வரிசையாக நிற்கும் பலகைகளில் ஆளுக்கொரு தாள் ஒட்டியிருக்கும். ஆய்வைச் செய்தவரே பக்கத்தில் நின்று விளக்குவார். தரவை எங்கே எடுத்தீர்கள், ஒலிப்பதிவு செய்தது யார், எந்த வட்டார வழக்கில் மாடல் தடுமாறுகிறது என்று முகத்துக்கு நேரே கேட்கலாம். அச்சில் வரும் கட்டுரை வெற்றியைச் சொல்லும். பலகை முன் நடக்கும் பேச்சில் எது சரிவரவில்லை என்பதும் வெளியே வரும். பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டியவருக்கு இந்த இரண்டாவது செய்திதான் பணம்.

மொழித் தொழில்நுட்பத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் இணையத்தில் கிடைக்கும் எழுத்து மிகக் குறைவு. மொழிபெயர்ப்பு மாடல்களுக்குத் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் பெரிதும் நம்பியது, யெகோவாவின் சாட்சிகள் அமைப்பின் சமய வெளியீடுகளிலிருந்து தொகுத்த 'ஜேடபிள்யூ 300' தரவு. அதில் பயின்ற மாடலுக்கு வேதப் பேச்சு வரும். சந்தை விலையும் மருந்துச் சீட்டும் வராது. செலவும் கூடுகிறது. பெரிய மொழி மாடல்கள் சொற்களைத் துண்டுகளாக வெட்டிப் படிக்கின்றன. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஓரிரு துண்டில் முடிந்துவிட, சுலு போன்ற ஒட்டுநிலை மொழியின் நீண்ட சொல் பல துண்டாகச் சிதறுகிறது. துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் சேவைகளில், அதே செய்திக்கு அந்த மொழிக்காரர் கூடுதலாகச் செலுத்த வேண்டியிருக்கிறது. சிறிய நிறுவனத்தின் வரவுசெலவுக் கணக்கையே இது மாற்றிவிடும்.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடி, இண்டாபாவைச் சுற்றிய நட்புகளிலிருந்து வளர்ந்ததே 'மசகானே' என்ற தன்னார்வ ஆய்வுக் குழு. பல நாடுகளைச் சேர்ந்தவர்கள் தத்தம் மொழிக்குத் தாமே தரவு திரட்டினார்கள். 2020இல் வந்த அவர்களின் கட்டுரை 30க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு மொழிபெயர்ப்பு அளவுகோல்களைத் தந்தது. பட்டம் பெற்ற ஆய்வாளரோடு, மொழியைத் தாய்மொழியாகப் பேசும் சாதாரண மக்களையும் ஆய்வில் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டது இக்குழுவின் அரிய சாதனை.

அந்த வட்டத்திலிருந்து நிறுவனமும் பிறந்தது. மசகானேயின் இணை நிறுவனர்களில் ஒருவரான ஜேட் அபாட், பெலோனோமி மொய்லோவா முதலியோருடன் சேர்ந்து 2022இல் தென்னாப்பிரிக்காவில் 'லெலாபா ஏஐ' நிறுவனத்தைத் தொடங்கினார். 2024இல் இது வெளியிட்ட 'இன்குபாஎல்எம்' மாடலின் அளவுருக்கள் சுமார் 40 கோடி. ஆயிரக்கணக்கான கோடிகளில் கணக்கிடப்படும் பெரிய மாடல்களின் முன் இது மிகச் சிறியது. சுலு, கோசா, சுவாஹிலி, ஹவுசா, யொரூபா ஆகிய ஐந்து மொழிகளுக்கென உருவானது. கணினித் திறனும் மின்சாரமும் தட்டுப்பாடாக உள்ள ஊரில் இந்தச் சிறிய அளவே பலம். குறைந்த விலைக் கருவிகளிலும் இயங்கும் மாடலைத்தான் அங்கே விற்க முடியும்.

வேறொரு பாதையில் வளர்ந்தது 'இன்ஸ்டாடீப்'. கரீம் பெகிரும் ஜோரா ஸ்லிமும் 2014இல் துனிஸில் தொடங்கிய இந்நிறுவனம், ஜெர்மனியின் பயோஎன்டெக்குடன் சேர்ந்து கொரோனாவின் ஆபத்தான திரிபுகளை முன்கூட்டியே கண்டறியும் முறையை உருவாக்கியது. 2023இல் பயோஎன்டெக் இதை வாங்கியபோது முதல்கட்டத் தொகை மட்டும் சுமார் 36 கோடி பவுண்டு. இண்டாபாவுக்கு வரும் இளைஞர்களிடம், சொந்த மண்ணிலிருந்தே உலகத் தரத்தில் தொழில் செய்யலாம் என்ற நம்பிக்கையை இந்தக் கதை அளவுக்கு வேறு எந்தச் சொற்பொழிவும் தந்திருக்காது.

மாநாட்டின் இன்னொரு பக்கத்தையும் நிறுவனர் கவனிக்க வேண்டும். செலவில் கணிசமான பங்கைக் கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற பன்னாட்டு நிறுவனங்களின் நன்கொடை தாங்குகிறது. அவர்களின் அரங்குகள் வேலைக்கு ஆள் தேடும் இடங்களும்கூட. போஸ்டர் முன் நின்று விளக்கிய திறமைசாலியை, உள்ளூர் ஸ்டார்ட்அப் தர முடியாத சம்பளம் அழைத்துப்போகும். இதற்கு எளிய மாற்று இல்லை. அந்த நன்கொடை இல்லாவிட்டால், பயணச் செலவுக்கு வழியில்லாத மாணவர் அரங்குக்கே வந்திருக்க மாட்டார்.

ஆள் போவதைத் தடுக்க முடியாவிட்டாலும், தரவு விலையின்றிப் போவதைத் தடுக்க ஒரு முயற்சி நடக்கிறது. தன்னார்வலர்கள் பாடுபட்டுத் திரட்டிய மொழித் தரவைப் பெரிய நிறுவனம் எடுத்துப் பொருளாக்கி, அதே மக்களிடம் விற்கலாம் என்ற அச்சம் அங்கே வெளிப்படையாகப் பேசப்படுகிறது. லெலாபாவும் அதன் கூட்டாளிகளும் 2025இல் முன்வைத்த 'எசேத்து' உரிமமுறை இதற்கென வந்தது. கோசா மொழி ஒலிப்பதிவுத் தொகுப்பு ஒன்றோடு அது நடைமுறைக்கு வந்தது. ஆப்பிரிக்கர்களுக்குச் சொந்தமான நிறுவனங்கள் தரவைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். மற்றவர்கள் வணிகத்துக்கு எடுத்தால் பணம் செலுத்த வேண்டும். அந்த வருவாய் மேலும் தரவு திரட்டும் பணிக்கே திரும்பிச் செல்ல வேண்டும்.