தவறு எந்த நகர்த்தலில்? சதுரங்கக் கணினிகளின் ஆட்டத்தை ஆராயும் முறை

சதுரங்க ஆட்டத்தில் ஒரு காய் பறிபோகும் இடமும் ஆட்டமே கைநழுவும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் எந்த நிலைக்கும் வெற்றி, சமன், தோல்வி ஆகிய மூன்றில் ஒன்றே முடிவாக இருக்க முடியும் என்பதால், சமனாக வேண்டிய நிலையைத் தோல்வி நிலையாக மாற்றிவிடும் நகர்த்தலையே ஆட்டத்தின் முடிவைத் தீர்மானித்த தவறு என்று கொள்ள வேண்டும். ஏற்கெனவே தோற்றுவிட்ட நிலையில் செய்யப்படும் எதுவும், பார்வைக்கு எவ்வளவு மோசமாக இருந்தாலும், இந்த வரையறைக்குள் வராது.

கணினி இந்த முடிவை எட்டும் வழி இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், இரு தரப்பும் இரண்டு முறை ஆடுவதற்குள்ளாகவே கிளைகள் சுமார் 15 லட்சமாகப் பெருகிவிடும்; இந்தக் கிளைகளைத் துருவிச் செல்வது தேடல். கிளை முடியும் இடத்தில் காய்களின் பலத்தையும் ராஜாவின் பாதுகாப்பையும் எண்ணாக மாற்றுவது மதிப்பீடு. ஒரு நகர்த்தலுக்கு எதிராளியிடம் தக்க பதில் ஒன்று இருப்பது தெரிந்துவிட்டால், அதன் மற்ற பதில்களைத் தேடாமலே அக்கிளையை வெட்டிவிடும் ஆல்பா–பீட்டா முறையால் தேடலின் சுமை பெரிதும் குறைகிறது.

ஆயினும் தேடலுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு அப்பால் காத்திருக்கும் ஆபத்தைக் கணினி அறியாது. குற்றாலம் பேரருவியில் குளிப்பவருக்கு அடிவாரத்து வெயில்தான் தெரியும், மலையுச்சியில் சற்றுமுன் கொட்டிய மழை தெரியாது. அதுபோலவே தேடலின் எல்லைக்கு மேலே திரண்டுவரும் வெள்ளமும் மதிப்பீட்டு எண்ணில் இடம்பெறுவதில்லை. சில வேளைகளில் கணினி வீணாக ஒரு சிப்பாயையோ குதிரையையோ கொடுத்து ஆபத்தை அந்த எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டு, அது நீங்கிவிட்டதாகவே கணக்கிடும். இதைத் தொடுவான விளைவு என்பர்.

இவ்வகைத் தவறு என்று பலரும் எண்ணிய, ஆனால் தவறே அல்லாத ஒரு நகர்த்தல் 1977ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோவில் நடந்த உலகக் கணினிச் சதுரங்கப் போட்டியில் ஆடப்பட்டது. 1974இல் ஸ்டாக்ஹோமில் முதல் பட்டத்தை வென்றிருந்த சோவியத் நிரலான கைஸ்ஸா, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான டச்சஸ் நிரலை எதிர்த்துக் கறுப்புக் காய்களுடன் ஆடியது. டச்சஸின் ராணி ஏ8 கட்டத்திலிருந்து செக் வைத்தபோது, ராஜாவை ஜி7க்கு நகர்த்தினால் போதும் என்று அனைவருக்கும் தோன்றியது. கைஸ்ஸாவோ தன் 34ஆம் நகர்த்தலில் இ8இல் யானையைக் குறுக்கே நிறுத்தி, அதை இலவசமாகவே பறிகொடுத்தது. முன்னாள் உலகச் சாம்பியன் மிகயீல் போட்வின்னிக் உள்ளிட்டோர் அமர்ந்திருந்த அந்த அரங்கில், நிரலில் ஏதோ வழு இருக்கிறது என்ற முடிவுக்கே எல்லோரும் வந்தனர். கைஸ்ஸா அந்த ஆட்டத்தில் தோற்றது.

ஆட்டம் முடிந்தபின் கைஸ்ஸாவை உருவாக்கியவர்கள், ராஜாவை ஏன் நகர்த்தவில்லை என்று அதனிடமே கணக்குக் கேட்டனர். ராஜா ஜி7க்கு விலகியிருந்தால் டச்சஸ் தன் ராணியையே எஃப்8இல் பலியிட்டுச் செக் வைத்திருக்கும். ராஜா அதை வெட்டியே ஆக வேண்டும். அடுத்து பிஷப் எச்6இலிருந்து செக் வைக்கும். ராஜா ஜி8க்குத் திரும்பினாலும், கறுப்பு பிஷப் ஜி7இல் குறுக்கே நின்றாலும், வெள்ளை யானை சி8இல் இறங்கி எட்டாம் வரிசையைப் பிடித்துக்கொள்ளும். கறுப்பின் ராணியும் யானையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே வந்து மடிய, 39ஆம் நகர்த்தலில் மேட் விழும். அரங்கில் எவர் கண்ணுக்கும் படாத இந்த ராணிப் பலியைக் கைஸ்ஸா கண்டிருந்தது. இருந்த இரண்டு வழிகளில் ஒன்று உடனடி மேட், மற்றொன்று யானை இழப்பு எனும்போது, தீர்மானித்த தவறு 34ஆம் நகர்த்தலுக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது என்பதே சரியான முடிவு.

ஆகவே கணினி ஆட்டங்களை ஆராய்வோர் கடைசி நகர்த்தலில் தொடங்கிப் பின்னோக்கி நடப்பது வழக்கம். முடிவுக்கு அருகிலுள்ள நிலைகளின் மதிப்பு ஐயமற்றது என்பதே காரணம். நிரல்கள் ஒவ்வொரு நகர்த்தலின்போதும் தேடிய ஆழத்தையும் மதிப்பெண்ணையும் எதிர்பார்க்கும் நகர்த்தல் வரிசையையும் பதிவுசெய்கின்றன. ஒரே நிலையைப் பற்றி இரு நிரல்களின் மதிப்பெண்களும் விலகத் தொடங்கும் இடத்தில் ஏதோ ஒன்றின் கணக்கு பிழைத்திருக்கிறது. அங்கே மாற்று நகர்த்தல்களை ஒவ்வொன்றாக ஆழமாகத் தேடிப் பார்த்தால், சமன் கைவிட்டுப் போன கணம் பிடிபடும்.

மனிதர் ஆட்டத்துக்கும் இதே முறை பொருந்தும். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், சென்னையின் குகேஷுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியின் 14ஆம் ஆட்டத்தில், டிங் லிரென் 55ஆம் நகர்த்தலில் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்தார். அந்த நொடியில் பலகையில் எந்தக் காயும் குறையவில்லை. ஆனால் யானைகள் வெட்டுப்பட்டபின், மூலையில் நின்ற வெள்ளை பிஷப்பை டி5இல் எதிர்கொண்டு மாற்றிக்கொள்ள குகேஷால் முடிந்தது. இரு ராஜாக்களும், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சிப்பாய்களும் எஞ்சின. ஏழு காய்கள் வரையிலான எல்லா நிலைகளுக்கும் முடிவு கணக்கிடப்பட்ட அட்டவணைகள் இன்று இருப்பதால், ஐந்தே காய்கள் கொண்ட அந்த நிலையில் கறுப்பு வெல்லும் என்பது நிறுவப்பட்ட உண்மை.

டொராண்டோவில் யானை போயும் தவறில்லை. சிங்கப்பூரில் எதுவும் போகாமலே தவறு நிகழ்ந்தது. கட்டணமில்லாத ஸ்டாக்ஃபிஷ் நிரல் கைபேசியிலேயே இயங்கும் இக்காலத்தில், தென்காசியின் பள்ளி மாணவரும் மத்தளம்பாறையில் மென்பொருள் எழுதுபவரும் இவ்விரு ஆட்டங்களையும் தாமே ஆராய்ந்து பார்க்கலாம். திரையில் தோன்றும் எண்ணை அப்படியே ஏற்காமல், அந்த நிலையில் வேறு என்ன ஆடியிருக்க முடியும், அதற்கு எதிராளியின் பதில் என்ன என்ற இரண்டு கேள்விகளையும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கேட்பவருக்கே அந்த எண்ணின் பொருள் விளங்கும்.