டீசல் லாரியின் குளிர்நிலைத் தொடக்கம்: புகையும் நடுக்கமும்

குளிர்நிலைத் தொடக்கம் என்பது இரவு முழுவதும் நின்று ஆறிப்போன எஞ்சினைக் காலையில் முதன்முறையாக இயக்குவதைக் குறிக்கும். டீசல் லாரிகளில் அப்போது சில நிமிடங்கள் எஞ்சின் சீரில்லாமல் நடுங்குவதும், புகைபோக்கி வெண்புகை கக்குவதும் உண்டு. கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் பனிக்கட்டியும் மீனும் ஏற்றிக் கிளம்பும் லாரிகளுக்கு இந்தத் தாமதம் நேரடி நட்டம். அதனால் ஓட்டுநர்கள் அவசரத்தில் கையாளும் சில வழிகள் எஞ்சினுக்கும் சில நேரங்களில் ஆளுக்கும் கேடாக முடிகின்றன.

தீப்பொறி இல்லாத எரிதல்

பெட்ரோல் எஞ்சினைப் போல டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் இழுத்த காற்றை ஏறத்தாழ 17 மடங்கு நெருக்கும்போது அது சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897-இல் இயக்கிக் காட்டிய எஞ்சினின் அடிப்படையும் இதுவே.

காலைக் காற்று 22 பாகை செல்சியசு என்று வைத்துக்கொண்டால், நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் நெருக்கத்தின் முடிவில் காற்றின் வெப்பம் 500 பாகையைத் தாண்டும் என்று கணக்கிடலாம். 5 பாகைக் குளிரில் கணக்கிட்டாலும் அது ஐம்பது பாகை அளவே குறைகிறது. ஆனால் மோட்டார் மெதுவாகச் சுற்றி, வளையங்கள் வழியே காற்று கசிந்து, ஆறிய சுவர்களும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டால், அதே 22 பாகைக் காற்று 300-ஐ ஒட்டியே நின்றுவிடக்கூடும். டீசல் அப்போது முழுதாகப் பற்றாமல் ஆவியாகவும் துளியாகவும் வெளியேறுகிறது. வெண்புகை என்பது பெரும்பாலும் இந்த எரியாத டீசல்தான்.

முதுநகரில் மார்கழி, தை மாதங்களிலும் இரவு வெப்பம் பெரும்பாலும் 20 பாகையை ஒட்டியே இருக்கும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐ.எஸ். 1460) குளிர்கால டீசலின் உறைநிலை வரம்பு 3 பாகை, கோடைக்கால டீசலுக்கு 15 பாகை. ஆகவே லடாக்கில் போல டீசல் மெழுகாகிக் குழாயை அடைக்கும் சிக்கல் இங்கே எழுவதில்லை. லடாக்கிற்காக இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-இல் −33 பாகை வரை உறையாத டீசலையே தனியாக வெளியிட வேண்டியிருந்தது. கடலூரில் ஒரு லாரி தினமும் காலையில் அடம்பிடித்தால் பனியைக் குறை சொல்லிப் பயனில்லை; வண்டியில் ஒரு கோளாறு இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

புகையின் நிறமும் மணமும்

கண்ணை எரிக்கும், டீசல் நாற்றமடிக்கும் வெண்புகை எஞ்சின் சூடானதும் மறைந்தால் நெருக்கக் குறைவு, நாசில் ஒழுகல், பம்பு டைமிங் பிந்தியிருத்தல் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். வெண்மையாக இருந்தும் எரிச்சல் இல்லாமல், சூடான பின்னும் தொடர்ந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் அது நீராவி; ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. முதல் ஒரு நிமிடம் மட்டும் நீலமாக வந்து மறைந்தால், இரவில் வால்வுத் தண்டு வழியே ஆயில் சொட்டியிருக்கிறது என்று பொருள், பெரிய செலவில்லை. பாரம் ஏற்றி ஓடும்போதும் நீலம் நிற்கவில்லை என்றால் வளையங்களையோ டர்போவையோ பார்க்க வேண்டியிருக்கும். கரும்புகைக்குக் காற்று வடிகட்டி அடைப்பே முதல் காரணம்.

எங்கிருந்து தேடுவது

விலை குறைந்த இடத்திலிருந்து தொடங்குவதே முறை. லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. செல்ப் சுற்றும்போது மின்னழுத்தம் 19-க்குக் கீழே இறங்கினால் எஞ்சினைத் தொடுமுன் பேட்டரியையும் கம்பிகளையும் பார்க்க வேண்டும். கடற்கரை ஊரில் உப்புக்காற்று பட்டு எர்த் கம்பியின் முனை பச்சை பூப்பது சாதாரணம். அதைத் தேய்த்து இறுக்கியதும் சுற்றும் வேகம் கூடி, புகையும் குறைந்த வண்டிகள் உண்டு.

அடுத்தது காற்று. வண்டி ஸ்டார்ட் ஆகி, சில நொடிகளில் இழுத்து நின்று, கைப்பம்பை அடித்த பிறகு ஒழுங்காக ஓடுகிறது என்றால் டேங்கிலிருந்து வரும் குழாயில் எங்கோ காற்று புகுகிறது. டீசல் வெளியே கசியாததால் இந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. வடிகட்டிக்கு முன்னால் ஒரு துண்டு ஒளிபுகும் குழாயைப் பொருத்தினால் குமிழிகள் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது தண்ணீர். பாதி காலியான டேங்க் இரவில் ஈரக்காற்றை இழுக்கிறது. அந்த ஈரம் சுவரில் வியர்த்து அடியில் சேர்கிறது. மாலையிலேயே டேங்கை நிரப்பி வைப்பதும், வடிகட்டிக்குக் கீழுள்ள திருகைத் திறந்து நீரை வடிப்பதும் செலவற்ற வைத்தியம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நடுக்கம் நிற்கவில்லை என்றால், ஏதோ ஒரு உருளை வேலை செய்யவில்லை. பழைய வரிசைப் பம்பு எஞ்சின்களில், ஓடும்போதே ஒவ்வொரு நாசிலின் குழாய்த் திருகையும் சற்றுத் தளர்த்திப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். தளர்த்தியும் ஓசை மாறவில்லை என்றால் அதுவே இறந்த உருளை. இந்தச் சோதனையை காமன் ரயில் எஞ்சினில் ஒருபோதும் செய்யக்கூடாது. அங்கே டீசல் 1,600 பார் அளவு அழுத்தத்தில் நிற்கிறது. ஊசி முனை அளவு பீய்ச்சல்கூடத் தோலைத் துளைத்து உள்ளே பரவும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் குறைவு. சில மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சை கிடைக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். பி.எஸ். 4 விதி 2017 ஏப்ரலிலும், பி.எஸ். 6 விதி 2020 ஏப்ரலிலும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வந்த லாரிகளில் பெரும்பாலானவை இந்த வகையே என்பதால், பழைய கைப்பழக்கம்தான் ஆபத்து. இவற்றில் ஸ்கேனர் கருவியால் பார்ப்பதே சரி.

செய்யக்கூடாதவை

காற்றுக் குழாயில் ஈதர் தெளித்து இயக்குவதும் இவ்வகையைச் சேர்ந்தது. உட்கொள் காற்றைச் சூடாக்கும் சாதனம் உள்ள எஞ்சினில் அது வெடிக்கவும் செய்யும். டேங்கின் அடியில் துணி கொளுத்திக் காட்டுவது மலைப்பகுதிகளில் காணப்படும் வழக்கம். கடலூரில் அதற்குத் தேவையே இல்லை. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கினால் நச்சுவாயு சேரும். ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிட்டாலும் ஆயில் இன்னும் மேலே ஏறாத தாங்கிகள் தேயும். சில நிமிடம் ஓடவிட்டு, பின் மெதுவான வேகத்தில் கிளம்பினால் எஞ்சின் விரைவில் சூடாகும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி மட்டும் விதிவிலக்கு. 2015 மழையில் கடலூர் மாவட்டம் கண்டதுபோல் எஞ்சின் நீரில் மூழ்கியிருந்தால், உருளைக்குள் தண்ணீர் இருக்கலாம். தண்ணீரை நெருக்க முடியாது. செல்பைத் தட்டிய நொடியில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்போது நாசில்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி, நீரை வெளியேற்றி, ஆயிலையும் மாற்றிய பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.