புலியைவிடக் குறைச்சல்!

பனியன் கம்பெனியில் பீஸ் எண்ணுவது என் பிழைப்பு. டஜனுக்கு ஒன்று குறைந்தாலும் மேனேஜர் விடமாட்டார். சரி, காட்டில் ஓடும் ஓநாயை எப்படி சார் எண்ணுவது?

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் வழி கண்டார்கள். 1995, 96-ல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி விட்டார்கள். எங்கே போச்சு, எத்தனை குட்டி, எதைத் தின்னுச்சு... எல்லாம் ரிஜிஸ்டரில்!

நம்ம நாட்டில்? 2022 கணக்கெடுப்பில் புலி 3,682. அதே வருடம் வெளிவந்த ஆய்வில் ஓநாய் சுமார் 3,100தான்! காரணம் இருக்கிறது. ஓநாய்க்கு வீடு அடர்ந்த காடு அல்ல. ஆடு மேயும் புல்வெளி. ஆடு செத்தால் தடி அதன் முதுகில்தான்.

நம்ம காங்கயம், வெள்ளகோவில் பக்கம் பட்டியில் புகுந்து ஆட்டைக் குதறுவது தெருநாய். நஷ்டஈடு கேட்டு விவசாயிகள் தெருவுக்கே வந்து போராடினார்கள். அதே தெருநாய் ஓநாய்க்கும் எமன். வெறிநோயைக் கொடுக்கும், கலப்புக் குட்டியும் போடும்.

ஆக, நாய்க்குத் தடுப்பூசி, கருத்தடை. ஆடு இழந்தவருக்குத் தாமதமில்லாமல் காசு. இதைச் செய்தால் ஆட்டுக்காரரும் பிழைப்பார், ஓநாயும் பிழைக்கும். வெறுமனே எண்ணி என்ன லாபம்? ஸ்டாக் இருந்தால்தானே சார் கணக்கு!