வலிக்கு அந்த ஊரில் என்ன பேர்?

பக்கத்து லைன் வீட்டுப் பொண்ணு டான்சானியாவுக்குப் போகிறாள். சபை மூலமாக, அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஸ்டாஃப் நர்ஸாக, மூன்று வருஷத்துக்கு. விசா வந்த அன்று சாயங்காலம் பொறை பாக்கெட்டோடு வந்து உட்கார்ந்தாள். "பெரியம்மா, நீங்க நாலு வருஷம் அந்த நாட்டுல இருந்தவங்க. ஒரு நாள் எப்படிப் போகும்னு சொல்லுங்க." அடுப்பில் டீ வைத்தேன். புளியந்தோப்பு நெடுஞ்சாலையில் ஆபீஸ் விடுகிற நேரத்து ஹாரன் சத்தம் அடங்க எப்படியும் எட்டு மணி ஆகும். பேச நேரம் இருந்தது.

"நீ எங்க பொறந்தே?" என்று கேட்டேன்.

"ரெய்னி ஆஸ்பத்திரிலதான், பெரியம்மா."

அங்கிருந்தே ஆரம்பித்தேன். 1888-ல் ஸ்காட்லாந்திலிருந்து மெட்ராஸுக்கு ஒரு பெண் டாக்டர் கப்பலில் வந்தார். பெயர் மெட்டில்டா மெக்ஃபைல். ராயபுரத்தில் சின்ன மருந்தகமாகத் தொடங்கிய அவருடைய வேலை வளர்ந்து, 1914-ல் பெரிய ஆஸ்பத்திரியாகத் திறந்தது. அதற்குக் கிறிஸ்டினா ரெய்னி என்ற அம்மையாரின் பெயரை வைத்தார்கள். ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்ட மாட்டேன் என்று வீட்டிலேயே பிரசவத்தில் செத்துப்போன பெண்கள் ஏராளமாக இருந்த காலம். மூலக்கொத்தளம் தாண்டினால் ரெய்னி என்பது இன்று நமக்குச் சாதாரணம். அந்த ஆஸ்பத்திரி ஏதோ ஒரு ஊரிலிருந்து, நம் பேச்சு தெரியாமல் வந்து இறங்கிய பெண்களால் நடந்தது. இப்போது அந்த இடத்தில் நீ நிற்கப்போகிறாய், அவ்வளவுதான் என்றேன்.

நம்மூரில் நர்ஸைச் 'சிஸ்டர்' என்று கூப்பிடுகிறோமே, அதுவும் அப்படி வந்ததுதான். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது ஐரோப்பாவில் கன்னியாஸ்திரீகளின் வேலையாக இருந்தது. மடம் போன பிறகும் பெயர் தங்கிவிட்டது. இங்கிலாந்தில் வார்டு பொறுப்பாளருக்குத்தான் அந்தப் பட்டம். நம் ஜனங்கள் அதை எல்லா நர்ஸுக்கும் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கும். நர்ஸைக் கூடப் பிறந்தவளாக நினைக்கிற ஜனங்கள் நாம்.

டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, அவள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொன்னேன். ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது, கட்டுப் போடுவது எல்லாம் உனக்குத் தெரியும். அங்கே போய் நீ முதலில் கற்க வேண்டியது வலியின் பெயர்களை. நம் வார்டில் ஒரு அம்மா வந்து 'வயிறு பிசையுது' என்றால் ஒன்று, 'சுள்ளுனு குத்துது' என்றால் வேறொன்று. 'நெஞ்சு கரிக்குது', 'விண்ணு விண்ணுனு தெறிக்குது', 'மேலு காயுது', 'கால் குடையுது' என்று ஒவ்வொன்றுக்கும் நம் கை தானாக வேறு வேறு இடத்துக்குப் போகும். டாக்டர் வருவதற்கு முன்னால் பாதி நோயை நாம் காதால் பிடித்துவிடுகிறோம். அந்தக் காது அங்கே போனதும் செவிடாகிவிடும். அந்தக் காலத்து மிஷனரிகளை முதல் ஒன்றிரண்டு வருஷம் ஊர்ப் பேச்சைப் படித்துப் பரீட்சை எழுத வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் போன முதல் மாதத்தில் நடந்தது. ஒரு பாட்டி பெஞ்சில் உட்கார்ந்து, தலையைச் சுற்றி விரலால் வட்டம் போட்டு, "கிஸுங்குஸுங்கு" என்றார். அந்த ஊர்ப் பேச்சில் எனக்குத் தெரிந்தது 'கிச்வா', அதாவது தலை. தலைவலி என்று சீட்டில் எழுதி, மாத்திரைக்கு அனுப்பப் போனேன். பக்கத்தில் நின்ற அந்த ஊர் மாணவி, பத்தொன்பது வயசு இருக்கும், என் கையை மெல்லத் தொட்டு நிறுத்தினாள். பாட்டியின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினாள். உள்ளே சிவப்பே இல்லை, வெளுத்துக் கிடந்தது. பாட்டி சொன்னது தலைவலி இல்லை, தலைசுற்றல். மலேரியா ரத்தத்தை உறிஞ்சியிருந்தது. நாம் கிறுகிறுப்பு என்று இரட்டித்துச் சொல்வதை அவர்களும் இரட்டித்தே சொல்கிறார்கள். அன்றிலிருந்து அந்த மாணவியை என் டீச்சராக வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அவளை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

அடுத்தது 'போலே'. அடிபட்டவரிடம், சுமை தூக்கி வருகிறவரிடம், நாள் முழுக்க உழைத்துக் களைத்தவரிடம் சொல்கிற வார்த்தை. நீ படுகிற பாடு எனக்குத் தெரிகிறது என்று பொருள் வைத்துக்கொள்ளலாம். அதையே இரண்டு தடவை, 'போலே போலே' என்றால் மெல்ல மெல்ல. பெரியவர்களைப் பார்த்தால் 'ஷிகமூ' சொல்லாமல் நாடி பிடிக்காதே. அவர்கள் 'மரஹபா' என்ற பிறகுதான் கையை நீட்டுவார்கள்.

நாள் என்று பார்த்தால், காலையில் ஜெபம், பிறகு நைட் டூட்டிக்காரர்களிடம் ஹேண்டிங் ஓவர், ரவுண்ட்ஸ். நோயாளிக்குச் சாப்பாடு பெரும்பாலும் ஆஸ்பத்திரி தராது. கூட வந்தவர்களே வளாகத்தில் அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். யாருக்கு அடுப்பு எரியவில்லையோ அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொள், துணைக்கு ஆள் வரவில்லை என்று அர்த்தம். கரண்ட் போனால் எந்த வேலையை முதலில் முடிப்பது என்பதும் போகப் போகப் பழகும்.

"அப்போ நான் போயி என்னத்த செய்யப்போறேன்? அவங்களுக்கே எல்லாம் தெரியுதே," என்றாள்.

நல்ல கேள்வி. நம்மூரில் நடந்ததையே பார் என்றேன். மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-ல் நர்ஸிங் பள்ளி தொடங்கியபோது மாணவிகள் நாலு பேர். வேலூரில் மிஷன் டாக்டர் ஐடா ஸ்கடரும் நர்ஸ் டெலியா ஹௌட்டனும் 1909-ல் நர்ஸிங் பள்ளி தொடங்கினார்கள். 1946-ல் அதே வேலூரில் பி.எஸ்சி. நர்ஸிங் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வார்டில் நின்று நம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டிலில் இருந்த போர்வையை உதறி, மூலையை உறை மாதிரி மடித்து, மெத்தைக்கு அடியில் சொருகிக் காட்டினேன். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த டியூட்டரம்மா ஒரு வெள்ளைக்காரச் சிஸ்டரிடம் கற்றவர். சுருக்கம் இருந்தால் நோயாளிக்கு முதுகில் புண் வரும் என்று, மடிப்பைப் பிரித்துத் திரும்பத் திரும்பப் போட வைப்பார். நீ பக்கத்தில் நின்று உனக்குத் தெரிந்ததைக் கொடு, அவர்களுக்குத் தெரிந்ததை வாங்கிக்கொள்.

மறக்காமல் ஒன்று சொன்னேன். மிஷன் அனுப்புகிறது என்பதற்காகப் பதிவு இல்லாமல் வார்டில் இறங்கக் கூடாது. நம் கவுன்சில் சர்டிபிகேட்டோடு அந்த நாட்டு நர்ஸிங் கவுன்சிலிலும் பதிய வேண்டும். சேவைக்குப் போகிறவளுக்கும் சட்டம் ஒன்றுதான்.

அவள் பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தாள். பக்கத்தை நடுவில் கோடு இழுத்துப் பிரித்தாள். இடது பக்கம் வரிசையாக எழுதினாள்: கிறுகிறுப்பு, பிசையுது, குடையுது, கரிக்குது, சுள்ளுனு குத்துது. வலது பக்கம் முதல் வரிசையில் 'கிஸுங்குஸுங்கு' என்று எழுதிவிட்டு, வாயால் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மற்ற நாலையும் காலியாக விட்டாள்.

"அந்தப் பாட்டி இருந்த ஆஸ்பத்திரிப் பக்கமா என்னைப் போடுவாங்க, பெரியம்மா?" என்று கேட்டுக்கொண்டே டம்ளரை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன்.