தூர இலக்கும் றைபிள் துப்பாக்கியும்

அண்மையிலுள்ள இலக்கைத் தவறாது துளைக்கும் றைபிள் துப்பாக்கி, தொலைவு மிகுந்தவிடத்துச் சன்னங்களை மேலும் கீழுமாகச் சிதறவிடுதல் உண்டு. சுடுவோனின் கை நடுங்கியதெனக் கூறி அமைதல் எளிது. ஆயின், அஃதொன்றே காரணமெனின், பிழை தூரத்தின் நேர்விகிதத்திலேயே வளர்தல் வேண்டும். அதனினும் விரைந்து வளருமாயின், குறையைப் பிறிதோரிடத்திலும் தேடவேண்டும். இத்தேடலை முறைப்பட நிகழ்த்தியவர் ஆங்கிலப் பொறியியலறிஞர் யோசேப்பு விற்வேர்த் ஆவர்.

1854ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு, றைபிள்களைப் பெருந்தொகையாக ஆக்குதற்குரிய இயந்திரங்களை அமைத்துத் தருமாறு அவரை வேண்டிற்று. குழலின் செவ்விய அமைப்பு எதுவென முதலில் ஆராய்தலே தக்கதென அவர் கொண்டார். ஆராயாது அமைத்த இயந்திரம் பிழையையே ஆயிரக்கணக்கிற் பெருக்குமன்றோ? மான்செஸ்ரர் நகரில் தம் இல்லத்து நிலத்தில், காற்றின் அலைப்பை நீக்கும்பொருட்டு, 500 யார் நீளமான கூரையிட்ட கூடமொன்றை எழுப்பினார். புயலொன்று அதனை வீழ்த்தியது. மீண்டும் கட்டி 1855இல் ஆய்வைத் தொடர்ந்தார். வழிநெடுக நிறுத்தப்பெற்ற மெல்லிய தாள்களில் விழுந்த துளைகள், சன்னம் சென்ற பாதையையும், அது நேரே சென்றதா புரண்டதா என்பதையும் காட்டின.

அக்காலத்து என்பீல்ட் றைபிளின் குழல் 0.577 அங்குல விட்டமுடையது. அதன் புரிகள் 78 அங்குலத்துக்கு ஒருமுறையே சுற்றின. பருத்த சன்னம் காற்றின் தடையால் விரைவிழக்கும். நீண்டு மெலிந்த சன்னமோ தடையை எளிதில் வெல்லும். ஆனால், மெதுவாகச் சுழலும் பம்பரம் தள்ளாடுவதுபோல, நீண்ட சன்னம் போதிய சுழற்சியின்றேற் புரளும். ஆதலின் விற்வேர்த், நிறையை 530 கிறெயின் என மாற்றாது வைத்து, விட்டத்தை ஏறத்தாழ 0.45 அங்குலமாகக் குறைத்தார். அறுகோணத் துளையுடைய குழலை 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக முறுக்கினார்.

1857இல் ஹைத் என்னுமிடத்தில் இரண்டும் ஒப்பிடப்பட்டன. 500 யாரில் என்பீல்டின் சராசரி விலகல் 2.24 அடி, விற்வேர்த்தினது 0.37 அடி. 1,100 யாரில் முறையே 8.04 அடியும் 2.62 அடியுமாயின. தூரம் 2.2 மடங்காக, என்பீல்டின் பிழை மூன்றரை மடங்கைக் கடந்தமை காண்க. புதிய துப்பாக்கியின் பிழையோ, அளவிற் சிறிதாயினும், ஏழு மடங்காயிற்று. குழலைத் திருத்தினும் வெளியிலே காற்று உண்டு. வெடிமருந்தின் அளவு சிறிது வேறுபடினும் சன்னத்தின் வேகம் மாறும். வேகம் குறைந்த சன்னம் தூரத்திற் பெரிதும் தாழ்ந்து விழும். எனவே, குழல், சன்னம், மருந்து, காற்று என ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தல் இன்றியமையாதது.

1860இல் விம்பிள்டன் போட்டியை விக்டோரியா மகாராணியார் இத்துப்பாக்கியினாலேயே தொடக்கிவைத்தார். எனினும், மருந்துக் கரி விரைவிற் படிந்தமையாலும், விலை மிகுந்தமையாலும், படையினர்க்குரிய பொதுக் கருவியாக அது ஏற்கப்படவில்லை. ஆயினும், காரணத்தை அளந்தறிந்த பின்னரே திருத்தத்தில் இறங்குதல் வேண்டும் என்னும் அவரது நெறி, ஆய்வுகூடத்திற் புகும் மாணவர் ஒவ்வொருவர்க்கும் உரியதாம்.