கூட யாரும் இல்லையா?

இரவுப் பேருந்து நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் நிற்கிறது. "பத்து நிமிஷம்தான், டீ குடிக்கிறவங்க சீக்கிரம் குடிச்சிட்டு வாங்க" என்று குரல் கொடுக்கிறார் நடத்துநர். குடும்பமாக வந்தவர்கள் முறை வைத்து இறங்குகிறார்கள். ஒருவர் பைக்குக் காவல், இன்னொருவர் கழிப்பறைக்கு. தனியாக வந்தவருக்கு மட்டும் யோசனை. பையைத் தூக்கிக்கொண்டு போனால் அந்த ஈரத் தரையில் எங்கே வைப்பது? சீட்டிலேயே விட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்குமா? பஸ்ஸே இருக்குமா? தனியாகப் போகும் பெண்கள் பலர் இந்த யோசனையே வேண்டாமென்று மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். உடம்புக்குக் கெடுதல் என்று தெரிந்துதான் செய்கிறார்கள்.

தனிப் பயணத்தின் சுகத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தாராசுரம் கோயிலின் அடிப்பீடத்தில் வரிசையாக ஓடும் நாயன்மார் கதைச் சிற்பங்களை, ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, ஒரு முழு மத்தியானத்தை அங்கேயே கழித்திருக்கிறேன். குடும்பத்தோடு போயிருந்தால் இருபதாவது நிமிடத்தில் "அடுத்து எங்க?" வந்திருக்கும். தனி ஆளிடம் ஊர்க்காரர்கள் கூடுதலாகப் பேசுவார்கள் என்பதும் என் அனுபவம். நாலு பேராகப் போனால் அந்த நாலு பேரும் தங்களுக்குள்ளேயே பேசி முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் தனியாகப் போகும்போது பைக்குக் காவல் மட்டும் போவதில்லை, சாட்சியும் போய்விடுகிறது. "அவர் அப்படித்தான் சொன்னார், நானும் கேட்டேன்" என்று சொல்ல ஆள் இல்லை. சண்டையோ ஏமாற்றோ நடந்தால் ஒரு பக்கம் நாம், மறுபக்கம் மேனேஜர், ரூம் பாய், வாட்ச்மேன். சட்டம் பல இடங்களில் தனி ஆளின் பக்கம்தான் நிற்கிறது. அதைப் பயன்படுத்துவதற்குத்தான் சாட்சி வேண்டியிருக்கிறது. ஆளுக்குப் பதிலாகக் காகிதத்தை, போட்டோவை, குறுஞ்செய்தியைச் சாட்சியாக்கிக்கொள்ள வேண்டும்.

முதல் தடை பெரும்பாலும் லாட்ஜ் கவுன்டரில் வரும். தென் மாவட்டத்துக் கோயில் ஊர் ஒன்றில் எனக்கு நடந்தது இது.

"எத்தனை பேர் சார்?"

"நான் ஒருத்தன்தான்."

"சிங்கிளுக்கு ரூம் கொடுக்கறதில்ல சார்."

"ஏன்?"

"போலீஸ் ரூல் சார்."

கொஞ்ச நேரம் நின்று பேசியதும் இறங்கி வந்தார். "வீட்டு நம்பர் கொடுங்க" என்று வாங்கி என் மனைவிக்குப் போன் போட்டார். இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில், சந்தேகப்பட்டது சரிதான் என்பது தெரிந்தது. மூன்றாம் முறை எடுத்தவளிடம், "அம்மா, சார் இங்க தங்கறது உங்களுக்குத் தெரியும்ங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். தனியாக வந்து அறை எடுப்பவர் விபரீதமாக ஏதாவது செய்துகொள்வாரோ என்ற பயம் அது. அவர்கள் பார்த்துப் பட்டது. மனிதரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 'போலீஸ் ரூல்' என்பது கதை. தனி ஆளுக்கு அறை தரக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பெண் என்பதற்காகவே மறுத்தால் விஷயம் இன்னும் தீவிரம். கடை, உணவகம், ஓட்டல் போன்ற பொது இடங்களில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்ற காரணங்களால் மட்டும் ஒருவரைத் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2). அது அரசாங்கத்துக்கு மட்டும் சொன்னதல்ல, தனியார் ஓட்டலுக்கும் சேர்த்துத்தான். "லேடீஸ் தனியா வந்தா தர்றதில்ல" என்பவரிடம் அதையே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள். எழுதித் தருபவர் அரிது. பெரும்பாலும் சாவிதான் வரும்.

முன்பதிவு செய்து பணமும் கட்டிய பிறகு மறுத்தால் அது சேவைக் குறைபாடு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தனிப் பயணிக்கென்றே செய்தது போல ஒரு வசதி உண்டு. ஏமாந்தது மணாலியில் என்றாலும், வழக்கை நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம். பல தகராறுகள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். எதற்கும் முன்பதிவு உறுதிச் செய்தி, பணம் போன ரசீது, கவுன்டரில் நின்ற நேரத்தில் எடுத்த ஒரு போட்டோ ஆகியவை கையில் இருக்கட்டும். நான்கு நாள் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதும் புகாருக்கு வலு குறைவு.

அறை கொடுக்கும்போது அடையாள அட்டை கேட்பது நியாயம், பதிவேடு அவர்கள் கடமை. ஆனால் ஆதார்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க முடியாது. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை போதும். ஆதாரே கொடுப்பதானால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேசை மேல் கிடக்கும் ஜெராக்ஸ் கட்டு யார் யார் கைக்குப் போகும் என்பது லாட்ஜ்காரருக்கே தெரியாது. அறைக்குள் ரகசிய கேமரா இருப்பதாகச் சந்தேகம் வந்தால் அதைக் கழற்றாதீர்கள், தொடாதீர்கள். போட்டோ எடுத்துவிட்டு 112-ஐக் கூப்பிடுங்கள். பெண்ணை மறைவாகப் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் வருகிறது. முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாத சிறை, மூன்று ஆண்டு வரை போகலாம்.

இனி ரயில். 139 என்ற எண்ணை மட்டும் மறக்காதீர்கள். ரயில்வே உதவி எண் அது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 139-ஆம் பிரிவில் தனியாகப் போகும் பெண்களுக்கு ஒரு பாதுகாப்பு இருப்பது தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க வசதி. ஆண் துணையில்லாமல் வரும் பெண்ணையோ குழந்தையையோ, டிக்கெட் இல்லாவிட்டாலும், டிக்கெட் பரிசோதகர் நினைத்த இடத்தில் இறக்கிவிட முடியாது. பயணம் தொடங்கிய நிலையம், ஜங்ஷன், கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் ஆகிய இடங்களில் மட்டும், அதுவும் பகலில் மட்டுமே இறக்கலாம். பர்ஸ் பறிபோன பெண்ணை நள்ளிரவில் பெயர் தெரியாத ஊரில் இறக்கிவிட முடியாதபடி போட்ட வேலி இது.

தனியாக டிக்கெட் எடுப்பதால் கிடைக்கும் சலுகையும் ஒன்று உண்டு. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உள்ள கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு, ஒரே டிக்கெட்டில் ஓரிருவராகப் போனால்தான் பொருந்தும். வீட்டிலுள்ள எல்லோருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் போட்டால் தாத்தாவுக்கு மேல்படுக்கை விழுவது இதனால்தான். தனியாகப் போகும் பெண்களை ரயில்வே பாதுகாப்புப் படையின் பெண் காவலர்கள் இருக்கைக்கே வந்து விசாரித்துக் குறித்துக்கொள்ளும் 'மேரி சஹேலி' என்ற ஏற்பாடு 2020 முதல் நீண்டதூர ரயில்களில் உள்ளது. வந்து கேட்டால் எரிச்சல்படாமல் விவரம் கொடுங்கள்.

பெண்கள் பெட்டி என்றால் பாதுகாப்பு என்று நினைப்பதில் ஓர் ஓட்டை இருக்கிறது. 2025 பிப்ரவரியில் கோவை–திருப்பதி இன்டர்சிட்டியின் பெண்கள் பெட்டியில் மற்றவர்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிவிட, கர்ப்பிணி ஒருவர் மட்டும் மிஞ்சினார். ஏறி வந்த ஒருவன் அத்துமீற முயன்று அவரை ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிட்டான். அவர் பிழைத்தார், வயிற்றுக் குழந்தை பிழைக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தண்டனை கிடைத்தது சரி. பயணிக்கு இதில் உள்ள செய்தி வேறு. பெட்டி காலியாகிறது என்றால், பலகையில் என்ன எழுதியிருந்தாலும், அடுத்த நிலையத்திலேயே கூட்டமுள்ள பெட்டிக்கு மாறிவிடுங்கள். ரிசர்வ் பெட்டியில் ஏறியதற்கு அபராதம் கேட்டால் கட்டிவிடலாம்.

ரயிலில் பொருள் திருடு போனால் பயணத்தை நிறுத்தி இறங்க வேண்டியதில்லை. பரிசோதகர், கார்டு, காவலுக்கு வரும் போலீசார் ஆகியோரிடம் புகார்ப் படிவம் இருக்கும். அதிலேயே எழுதிக் கொடுக்கலாம், அவர்கள் அடுத்துள்ள ரயில்வே காவல் நிலையத்தில் சேர்க்க வேண்டும். இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது ஒரு ரூபாய்கூட ஆகாத காப்பீட்டுக் கட்டம் ஒன்று வரும். டிக் போடுவதோடு விட்டுவிடாதீர்கள். பிறகு குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் வரும் இணைப்பில் நாமினி பெயரைச் சேர்த்தால்தான், ஏதாவது ஆகிவிட்டால் வீட்டார் அலையாமல் பணம் வாங்க முடியும். முன்பதிவில்லாத பெட்டியில் போகிறவர்கள் டிக்கெட்டைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தால் குடும்பத்துக்கு 8 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கு அவர் முறையான பயணி என்று காட்ட வேண்டும். சட்டைப் பையிலிருந்த டிக்கெட் தொலைந்துபோன எத்தனையோ வழக்குகள் இந்த இடத்தில்தான் இழுத்தடித்தன.

பேருந்தில் தமிழ்நாட்டுக்கென்று தனி விதி உண்டு. பெண்களை வெறித்துப் பார்ப்பது, கண்ணடிப்பது, விசிலடிப்பது, பாட்டுப் பாடிச் சீண்டுவது எல்லாம் 2022-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகளின்படி தவறு. அப்படிப்பட்ட ஆளை இடம் மாறச் சொல்லவும், இறக்கிவிடவும், வழியிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கவும் நடத்துநருக்கு அதிகாரம் இருக்கிறது. "அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்று சொல்லும் நடத்துநரிடம் இதைச் சத்தமாகச் சொல்லுங்கள். சத்தமாகச் சொன்னால் பக்கத்து இருக்கைக்காரர்கள் சாட்சியாகிவிடுகிறார்கள்.

போலீஸ் நிலையத்தில் தனிப் பயணி அடிக்கடி கேட்கும் வசனம், "அது எங்க லிமிட் இல்ல". 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இந்த வசனத்துக்கு இடம் வைக்கவில்லை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிய வேண்டும். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். போலி விடுதி இணையதளத்தில் அட்வான்ஸ் கட்டி ஏமாந்திருந்தால் வேறு எதற்கும் முன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வேண்டும். மொழி தெரியாத மாநிலத்தில் வழி தவறினால் சுற்றுலா உதவி எண் 1363 இருக்கிறது. பெண்களுக்கு 181.

காட்டுக்கும் மலைக்கும் மட்டும் தனியாகப் போகாதீர்கள் என்பேன். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் கூட்டமாகவே போயிருந்தார்கள், அப்படியும் தீயில் சிக்கினார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-இல் வனத்துறை 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற முன்பதிவைத் தொடங்கியது. காடு தெரிந்த உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். கூட்டம் பிடிக்காதவருக்கும் ஒரு வழிகாட்டி பாரமாக இருக்க மாட்டார். அனுமதி வாங்காமல் உள்ளே போய்க் காலை முறித்துக்கொண்டால், தேடி வர யாருக்கும் காரணமே இருக்காது. நீங்கள் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாதே.

சாலையில் அடிபட்டால் காசில்லையே என்று தயங்க வேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். நாடு முழுவதற்குமான திட்டம் 2025 மே மாதம் வந்தது. ஏழு நாளுக்குள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. இரண்டிலுமே திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும்.

ஆனால் தனி ஆள் மயங்கிக் கிடக்கும்போது அவர் யார் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? கைபேசி பூட்டியிருக்கும். பூட்டைத் திறக்காமலே அவசர எண் தெரியும்படி அமைக்கும் வசதி இன்றைய ஸ்மார்ட்போன்களில் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. சார்ஜ் தீர்ந்துவிட்டால் அதுவும் பயனில்லை என்பதால் என் பர்ஸில் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். பெயர், ரத்த வகை, தினமும் போடும் மாத்திரை, வீட்டு எண். மழையில் நனைந்து மை கலைந்துவிட்டதால் போன மாதம் புதிதாக எழுத உட்கார்ந்தேன். என் மனைவி வாங்கிப் படித்துவிட்டு, "என் நம்பருக்குக் கீழ பையன் நம்பரையும் எழுதுங்க, நான்தான் தெரியாத நம்பர்னா எடுக்க மாட்டேனே" என்றாள்.