பாறைச் செதுக்குருவங்களின் பொருள்

எழுத்து வழங்காத காலத்து மக்கள் தம் வாழ்வைப் பற்றி நூல் எதனையும் விட்டுச் செல்லவில்லை. அவர்கள் பாறையிற் கொத்திய உருவங்கள் இன்றும் நிலைத்துள்ளன. அவற்றின் பொருளை எவ்வாறு துணிவது? இவ்வினாவை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஈண்டு ஆராய்வோம்.

இத்தாலி நாட்டின் வடபால், அல்ப்சு மலைகளினிடையே வால் கமோனிக்கா என்னும் பள்ளத்தாக்கு உளது. முற்காலத்துப் பனியாறுகள் தேய்த்து மழுக்கிய அதன் பாறைகளில் 140,000க்கு மேற்பட்ட உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. 1979ஆம் ஆண்டில் இவை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

அங்குள்ள பெடோலினாப் பாறை அறிஞர் கருத்தைப் பெரிதும் ஈர்த்ததொன்றாகும். புள்ளிகள் நிறைந்த நாற்கோண வடிவங்களும், அவற்றை இணைக்கும் வளைகோடுகளும் அதிற் காணப்படுகின்றன. நாற்கோணங்கள் விளைநிலங்கள், கோடுகள் வழிகள். ஆகவே இஃது ஒரு நிலப்படம் என்று பலர் கொண்டனர். அவ்விடத்தில் நின்று நோக்குவார்க்குப் பள்ளத்தாக்கின் சமநிலம் கீழே விரிந்து தோன்றுவதும் இக்கொள்கைக்கு அரண் செய்தது. பாறையின் கீழ்ப்பகுதியில் மரவீடுகளும் உள. வயலும் வழியும் வீடும் ஒருங்கே காணப்படும்போது, இஃது ஓர் ஊரின் படமே என்று துணியத் தோன்றுவது இயல்பு.

ஆயின், எவ்வுருவம் முந்தியது, எவ்வுருவம் பிந்தியது என நுணுகி ஆராய்ந்தோர், வீடுகள் பிற்காலத்திற் சேர்க்கப்பட்டவை எனக் கண்டனர். நாம் ஒரே படமாகக் கண்டது ஒருவர் ஒருகாலத்தில் எண்ணி அமைத்ததன்று. அதனால் நிலப்படம் என்னும் கொள்கை முற்றும் வீழ்ந்துவிடவில்லை. எனினும், அது மெய்யான வயல்களைக் காட்டுவதா, பயிர்நிலம் பற்றிய கருத்தின் குறியீடா என்னும் வினா எழுந்தது.

எல்லாவிடத்தும் ஐயமே எஞ்சும் எனக் கருதவேண்டா. அப்பள்ளத்தாக்கின் கற்கள் சிலவற்றில் முக்கோண அலகுடைய குறுவாள்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றை ஒத்த குறுவாள்கள் வட இத்தாலியின் இரெமெதெல்லோ என்னுமிடத்துப் புதைகுழிகளிற் கிடைத்தன. எனவே அவ்வுருவங்கள் செப்புக் காலத்தன எனத் துணிய இயன்றது.

இவற்றால் ஓர் உண்மை புலப்படும். உருவம் யாது, அதன் காலம் யாது, அதனைச் செதுக்கிய நோக்கம் யாது என்பன மூன்று வேறு வினாக்கள். முதலிரண்டிற்கும் பாறையும் புதைபொருளும் சான்று பகரலாம். மூன்றாவதற்கு அவை அத்துணை எளிதில் விடை தாரா. ஒன்றிற்குக் கிடைத்த விடையை மற்றொன்றிற்கும் விடையாகக் கொள்வதே பிழைக்கு வாயில். நம் கருத்தைப் பாறைமேல் ஏற்றாது, சான்று செல்லுமளவே சென்று நிற்றல் ஆராய்ச்சியாளர்க்குக் கடனாகும்.